பிளஸ் பொத்தான்

நூறு மீட்டர் வரை எட்டும் என்று பெட்டியில் அச்சிடப்பட்டிருந்த சென்சார், ஒரு சனிக்கிழமை காலை, சிங்கப்பூரின் துவாஸ் பகுதியிலிருந்து கடலைத் தாண்டி, மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் பொந்தியானில் வினிஃப்ரெட்டின் அடுக்களைக்கு வெப்பநிலை அனுப்பத் தொடங்கியது. அதற்கு முன் இரண்டு வாரமாக அது வீட்டு வாசலிலிருந்துகூட எதையும் அனுப்பவில்லை. வினிஃப்ரெட் தங்கும் விடுதிகளின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் கொடுப்பவர். மழை முன்கூட்டியே தெரியட்டும் என்று கணவர் செபஸ்தியன் சிங்கப்பூரில் அந்த வானிலைக் கருவியை வாங்கி வந்தார். சென்சார் துணிக்கொடியின் கம்பத்தில் இருந்தது, திரை அடுக்களைச் சுவரில். ஒரு மாதம் வேலை செய்தது. பிறகு திரையில் வெறும் கோடுகள். பேட்டரி மாற்றினார்கள். மைக்ரோவேவை நகர்த்தினார்கள். கோடுகள் போகவில்லை. சனிக்கிழமை அரைநாள் வேலை என்பதால், முடிந்ததும் கடையில் காட்டலாம் என்று செபஸ்தியன் சென்சாரை எடுத்துப் போனார். துவாசில் ஓர் உறைகிடங்கில் அவருக்கு வேலை. இறாலும் மீனும் கல்லாக உறைந்து அடுக்கப்பட்டிருக்கும் இடம். லாக்கரில் வைத்தால் எடுக்க மறந்துவிடும் என்று சென்சாரைக் குளிர்கோட்டின் வெளிப்பையில் போட்டுக்கொண்டார்.

காலையில் கோடுகள் மறைந்து முப்பத்தொன்று என்று வந்ததும் வினிஃப்ரெட் மகிழ்ந்தார். பிறகு எண் இறங்கி மைனஸ் இரண்டுக்குப் போனது. வெளியே வெயிலில் விரிப்புகள் காய்ந்துகொண்டிருந்தன. சற்று நேரத்தில் மீண்டும் முப்பத்தொன்று. மீண்டும் மைனஸ். அடுத்த வீட்டுத் தேன்மொழியைக் கூப்பிட்டுக் காட்டினார். தேன்மொழி ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவில் இருக்கிறாள். கைகளைக் கட்டிக்கொண்டு திரையைப் பார்த்தாள்.

“கெட்டுப்போன மெஷின் கண்டபடி ஆடும்க்கா. இது ஒழுங்கா ஆடுது லா. யாரோ ஃப்ரீசருக்குள்ள போயிட்டுப் போயிட்டு வர்ற மாதிரி.”

 சென்சார் யார் பையில் இருக்கிறது என்று இருவருக்கும் தெரியும்.

நண்பகலை ஒட்டி எண் இறங்கியது. ஏறவில்லை. சனிக்கிழமைகளில் ஜொகூர்க்காரர்கள் ஊர் திரும்பும் இரண்டாம் பாலத்தில் நெரிசல் கட்டுவதற்குள் கிளம்பப் பார்ப்பார்கள். அதற்காக ஒருவரே எல்லாருடைய வருகை அட்டைகளையும் வாங்கி வாசல் இயந்திரத்தில் தட்டிவிடுவார். மற்றவர்கள் பைக்கைக் கிளப்பி நிற்பார்கள். அன்று செபஸ்தியனின் அட்டையும் தட்டப்பட்டது. சரிந்த பெட்டி ஒன்றை அடுக்க அவர் உள்ளே போனதை யாரும் பார்க்கவில்லை. கதவு மூடிக்கொண்டது. உள்கைப்பிடி அவர் கையோடு வந்துவிட்டது.

அவருடைய தொலைபேசி லாக்கரில் அடித்து ஓய்ந்தது. அலுவலகத்தில் யாரும் எடுக்கவில்லை. வினிஃப்ரெட் கிடங்குக் காவலாளியின் எண்ணைத் தேடி எடுத்தார். அவர் தமிழர்.

“ஒங்க வீட்டுக்காரரு கெளம்பிட்டாரும்மா. சிஸ்டத்துல அவுட் காட்டுது. ஜாம்ல மாட்டியிருப்பாரு.”

“ஜாம்ல நிக்கிறவருக்கு மைனஸ் நாலு எப்படிங்க வரும்?”

 தண்ணி குடிச்சிட்டு கொஞ்சம் படுங்கம்மா என்று காவலாளி தொலைபேசியை வைத்துவிட்டார். அடுத்து அழைத்தபோது செபஸ்தியனின் தம்பி ரயன் கேள்வி கேட்கவில்லை. “அண்ணி, நா போறேன். ஜாம் இந்தப் பக்கம் வர்றதுக்குத்தான், போறதுக்கு இல்ல” என்று பைக்கில் கிளம்பினான். அப்படியும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் வாரம் ஒரு வீட்டில் கூடிச் செபமாலை சொல்வது வழக்கம். அந்த வாரம் வினிஃப்ரெட்டின் முறை. தலைவி கிறிஸ்டின் நான்கு பெண்களோடு வந்தபோது எண் மைனஸ் ஒன்பது. தேன்மொழி கருவியோடு வந்த கையேட்டின் கடைசிப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். தவறான எண் வந்தால் பேட்டரியைக் கழற்றி, சென்சாரைப் பக்கத்தில் வைத்து மறுபடி இணைக்க வேண்டும் என்று போட்டிருந்தது. அவள் கை பேட்டரி மூடிக்குப் போனது. வினிஃப்ரெட் அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

“கழட்டாத. அப்புறம் அவரப் புடிக்க முடியாது.”

இன்னொரு வழியும் இருந்தது. எண்ணில் பிசகு இருந்தால் பிளஸ், மைனஸ் பொத்தான்களால் திருத்தலாம். வினிஃப்ரெட் பிளஸை அமுக்கினார். மைனஸ் எட்டு ஆனது. விரலை எடுத்தார். மீண்டும் ஒன்பது.

“நம்பர மாத்துனா அங்க சூடாகுமாக்கா?” என்று கேட்டாள் தேன்மொழி.

“எறங்கறதப் பாத்துக்கிட்டு சும்மா இருக்கச் சொல்றியா?”

கிறிஸ்டின் முடிவு சொன்னார்: செபமாலையின் மணி ஒவ்வொன்றுக்கும் ஒரு அமுக்கு. சனிக்கிழமை என்பதால் அன்றைக்குரிய தியானம் மகிழ்ச்சி மறைபொருள்கள்தான். அதை மாற்ற அவர் சம்மதிக்கவில்லை. ஒவ்வொரு ‘அருள் நிறைந்த மரியே’ செபம் முடியும்போதும் வினிஃப்ரெட் அமுக்கினார். ஒரு டிகிரி ஏறியது. அடுத்த மணி வருவதற்குள் இரண்டு இறங்கியது. மாலையின் முதல் பத்து மணிகள் முடிந்தபோது மைனஸ் பத்தொன்பது. யாரும் குரலை நிறுத்தவில்லை. 

“ஒங்க மாதாவுக்குப் பொறுமை இருக்கு லா. செபஸ்தியன் அண்ணனுக்கு நேரம் இல்ல” என்றாள் தேன்மொழி. “நீங்க சொல்லுங்க. நா அமுக்கறேன்.”

கிறிஸ்டின் அவள் நெற்றியில் இருந்த திருநீற்றைப் பார்த்தார். திரையைப் பார்த்தார்.

“ஒவ்வொரு வார்த்தைக்கும் அமுக்கு” என்றார்.

தேன்மொழி வார்த்தைக்கு இரண்டாக அமுக்கினாள். எண் ஏறியது. மைனஸ் மறைந்தது. அவள் கட்டைவிரல் வீங்கியபோது வேறொருத்தி வாங்கினாள். கை மாறும் நேரத்தில் நான்கு டிகிரி விழுந்தது. தேன்மொழியே திரும்ப வாங்கினாள், அதன் பிறகு கை மாற்றவில்லை. ஐந்து மறைபொருளும் முடிந்து முதலிலிருந்து தொடங்கினார்கள். இருபது. இருபத்தேழு. எங்கே நிறுத்துவது என்று ஒருவருக்கும் தெரியாததால் நிறுத்தவில்லை. நாற்பதைத் தாண்டியபோது திரை மங்கத் தொடங்கியது. பேட்டரி மாற்றலாம் என்று யாரும் சொல்லவில்லை.

துவாசில் காவலாளி ரயனுக்கும் அதே ‘அவுட்’ பதிவைக் காட்டினார். ரயன் நிறுத்துமிடத்தில் தனியாக நின்ற பைக்கைக் காட்டினான்.

“அப்ப இது யாரோடது? நடந்தா போனாரு பொந்தியானுக்கு?”

காவலாளி சாவியோடு ஓடினார். கதவைத் திறந்தபோது சுவரெல்லாம் உறைபனி அப்படியே இருந்தது. நடுவில் செபஸ்தியன் இறால் பெட்டி மீது, கோட்டைக் காலடியில் போட்டு, பனியனோடு உட்கார்ந்து கிழித்த அட்டைத் துண்டால் விசிறிக்கொண்டிருந்தார். கை எட்டும் தூரத்துப் பெட்டிகள் மட்டும் உருகி ஒழுகின. முதலில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சூடு வந்தது, பத்தவில்லை, கால் மரத்துப்போனது, பிறகு யாரோ அடுப்பைக் கூட்டிவிட்டார்கள் என்றார்.

“அண்ணி, போதும்” என்று ரயன் தொலைபேசியில் கத்தினான். “வேர்க்குது அவருக்கு!”

தேன்மொழி விரலை எடுத்தாள். எல்லாரும் எண்ணையே பார்த்தார்கள். இறங்கவில்லை. பிறகு திரை அணைந்தது. வினிஃப்ரெட் தரையில் உட்கார்ந்து அழுதார்.

நிறுவனம் விசாரித்தது. அறையின் வெப்பநிலை ஒரு நொடியும் மாறவில்லை என்று பதிவு சொன்னது. கைப்பிடியை மாற்றினார்கள். ஒருவர் அட்டையை மற்றவர் தட்டக் கூடாது என்று எழுதி ஒட்டினார்கள். இரண்டு சனிக்கிழமை அதைக் கடைப்பிடித்தார்கள். பிளஸால் ஏற்றியதை மைனஸ் பொத்தானால் இறக்க வினிஃப்ரெட் யாரையும் விடவில்லை. மூன்று ஆண்டுகளாகச் செபஸ்தியன் உறைகிடங்குக்குக் கோட் இல்லாமல் வெறும் சட்டையோடு போய் வருகிறார். பொந்தியான் கிளினிக்கில் அவர் பெயரைப் பார்த்தால் தெர்மாமீட்டரை எடுப்பதில்லை. ஞாயிறு திருப்பலியில் ஏர்கானுக்கு நேர் கீழே உள்ள பெஞ்சில் அவர் உட்காருகிறார். அவருக்கு இரு பக்கமும் இடம் பிடிக்க முழங்கால் வலிக்காரர்கள் சீக்கிரமே வந்துவிடுகிறார்கள்.