எழுவாய்ப் பிரிவு

செம்மாண்டகரைப் பேரூராட்சி அலுவலகத்தில், எழுவாய் இல்லாத அரசியல் கருத்துகளுக்கு எழுவாய் போட்டுத் தருவதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. குடிநீர்ப் பிரிவுக்கும் பிறப்பு இறப்புப் பிரிவுக்கும் நடுவில் உள்ள சின்ன அறை. ஊரில் ஒருவர் ‘சாக்கடையைத் தூர்வார வேண்டும்’ என்று சொல்கிறார். யார் தூர்வார வேண்டும் என்பது அந்த வாக்கியத்தில் இல்லை. அந்தக் காலி இடத்தில் சொன்னவரின் பெயரையே சிவப்பு மையில் எழுதி, மறுநாள் தபாலில் அவருக்கே அனுப்பிவிடுவார்கள். செய்து முடிக்கப் பதினைந்து நாள் அவகாசம்.

செய்யாதவர்களுக்குத் தண்டனை எதுவும் கிடையாது. அதன்பிறகு அவர்கள் பேச்சில் பயனிலை வராது, அவ்வளவுதான். ரைஸ்மில் ராக்கியப்பன், ஏரியை ஆழப்படுத்த வேண்டும் என்று ஒரு கல்யாணப் பந்தியில் சொல்லிவிட்டு, மண்வெட்டியைத் தொடாமல் இருந்துவிட்டார். மூன்று வருடமாக அவர், “நான் நேத்து ஈரோட்டுக்கு பஸ்ஸுல” என்பார், நிறுத்திக்கொள்வார். போனாரா, வந்தாரா, பாதியில் இறங்கினாரா என்று வீட்டில் இப்போது யாரும் கேட்பதில்லை.

விவரம் தெரிந்தவர்கள் ‘அரசு’ என்று முதலிலேயே சொல்லிவிடுவார்கள். அரசு இதைச் செய்ய வேண்டும், அரசு அதைத் தடுக்க வேண்டும். எழுவாய் உள்ள வாக்கியத்தில் பிரிவுக்கு வேலை இல்லை. அவற்றை மொத்தமாக ஒரு பச்சை பீரோவில் அடுக்கிவிடுவார்கள். பீரோ நிரம்பி இன்னொன்று வந்தது. இப்போது ஏழாவது பீரோ இடமில்லாமல் வராந்தாவில் நிற்கிறது. உள்ளே போன எதுவும் வெளியே வந்ததாக யாரும் சொன்னதில்லை. ஆனாலும் ஊரில் மரியாதைப்பட்டவர்கள் அப்படித்தான் பேசுவார்கள்.

துளசிமணிக்கு அந்த மரியாதையெல்லாம் வராது. பேருந்து நிறுத்தத்துக்கு எதிரில் அவள் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறாள். கிணற்று மோட்டார் புகைந்துவிட்டால் சுற்றுவட்டாரத்தில் எல்லாரும் அவளிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். கை தாமிரக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருக்கும், வாய் நாட்டைச் சுற்றிக்கொண்டிருக்கும். யார், எவர் என்று பெயர் சொல்லி வாயை வீணாக்க மாட்டாள். செய்ய வேண்டும் என்றால் செய்ய வேண்டும், அதற்கு மேல் என்ன பேச்சு என்பாள். அதனால் தபால்காரர் தினமும் அவள் கடையில் ஒருமுறை சைக்கிளை நிறுத்துவார்.

வந்த எதையும் அவள் தள்ளிப் போட்டதில்லை. தெருவிளக்கு எரிய வேண்டும் என்றாள், கம்பத்தில் ஏறினாள். வாக்காளர் பட்டியலில் இருந்து இறந்தவர்களை நீக்க வேண்டும் என்றாள். நோட்டீஸ் வந்ததும், இறந்தவர்களிடம் ஒவ்வொருவராகப் போய் ஒப்புதல் கையெழுத்து வாங்கினாள். இருவர் மட்டும் மறுத்துவிட்டார்கள். அவர்கள் பெயர் இன்றும் பட்டியலில் இருக்கிறது. நதிகளை இணைக்க வேண்டும் என்றும் ஒரு நாள் வாய்விட்டாள். ஊருக்கு மேற்கே ஓர் ஓடை, கிழக்கே ஓர் ஓடை. பதினான்காம் நாள் தாமிரக் கம்பியால் இரண்டையும் இணைத்து, முடிச்சின்மேல் வார்னிஷ் அடித்துக் காயவைத்தாள். அன்றிலிருந்து மேற்கில் மழை பெய்தால் கிழக்கில் தண்ணீர் வருகிறது.

அப்படிப்பட்டவள் ஒரே ஒரு விஷயத்தில் தயங்கினாள். அது அவள் மகள் கோபிகாவின் படிப்பு.

கோபிகா பத்தாம் வகுப்பில் நானூற்று எழுபத்தொன்று வாங்கியிருந்தாள். ஊர்ப் பள்ளி பத்தோடு முடிந்துவிடும். அடுத்த பள்ளி இருபத்திரண்டு கிலோமீட்டர் தள்ளி. அங்கே போகும் முதல் பேருந்து, அங்கே மணி அடித்து அரைமணி நேரம் கழித்துத்தான் இங்கிருந்தே கிளம்பும். துளசிமணியின் கணவன் நாச்சிமுத்து டெம்போ ஓட்டுகிறவர், அதிகம் பேசாதவர். அவருடைய அக்கா வந்து உட்கார்ந்து, “மில்லு ஹாஸ்டல்ல இடம் இருக்குது. புள்ளைய அனுப்பி வைங்க, வேலைக்கு வேலையும் ஆச்சு” என்று சொல்லிவிட்டுப் போனாள். கோபிகா யாரிடமோ வாங்கிய பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் புத்தகத்துக்குப் பழுப்பு அட்டை போட்டுக்கொண்டிருந்தாள். துளசிமணி குனிந்து அட்டையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

பள்ளிக்கூடம் என்பது கம்பத்தில் ஏறுகிற வேலை இல்லையே. தவறாகச் சொல்லிப் பதினைந்து நாளில் முடிக்க முடியாமல் போனால், மகள் படிப்பும் போய், தன் பேச்சில் பயனிலையும் போய்விடும். அதனால் வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் நிதானித்து, எழுவாய் வைத்துப் பேசினாள். “அரசு நம் ஊர் உயர்நிலைப் பள்ளியை மேல்நிலைப் பள்ளி ஆக்க வேண்டும்.”

மூன்று வாரம் தபால்காரர் சைக்கிளை நிறுத்தவில்லை. பள்ளி திறக்கப் பதினாறு நாள் இருந்தபோது துளசிமணி கையில் இருந்த வார்னிஷைத் துடைத்துக்கொண்டு அலுவலகத்துக்குக் கிளம்பினாள்.

எழுவாய்ப் பிரிவு எழுத்தர் வரதராசு அவளைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டார். பிரிவு நடப்பதே இவளை நம்பித்தான் என்பது அவருக்குத் தெரியும்.

“ஏனுங்க்கா, மூணு வாரமா உங்க வாக்கியம் ஒண்ணும் வர்லியே. உடம்புக்குச் சொகமில்லீங்களா?”

“வந்துச்சு தம்பி. பீரோவுக்குள்ள போயிருச்சு. அதை வெளிய எடுத்துக் குடுங்க, அரசை அடிச்சரலாம்.”

வரதராசு ஏழாவது பீரோவைத் திறந்தார். அவளுடையது மேலாகவே இருந்தது. அவர் எடுத்துத் தூசி தட்டி மேசைமேல் வைத்தார்.

“அரசை அடிச்சா உங்க பேரு வந்து உக்காந்துக்குமுங்க்கா. ‘துளசிமணி நம் ஊர் உயர்நிலைப் பள்ளியை மேல்நிலைப் பள்ளி ஆக்க வேண்டும்.’ ஆக்கறதுக்கு அரசாணை வேணும். அரசாணைய அரசுதான் போடோணும். திரும்பவும் இந்த பீரோவுக்குத்தான் வந்து சேரும்.”

துளசிமணி தாளைத் தன் பக்கம் திருப்பிவைத்துக்கொண்டு பார்த்தாள். எரிந்துபோன மோட்டாரைத் திறந்து எந்தச் சுற்றில் கோளாறு என்று பார்ப்பவள் அவள். கண் ஒவ்வொரு சொல்லாகத் தாண்டி, கடைசிக்கு முந்தைய சொல்லில் வந்து நின்றது.

“ஆக்கறதுக்குத்தான தம்பி அரசாணை? ஆகறதுக்கு?”

வரதராசு விதிமுறைப் புத்தகத்தை எடுத்து நான்கைந்து பக்கம் புரட்டினார். “ஆகறதுக்கு ஒண்ணும் வேண்டாமுங்க. ஆகறவங்க சம்மதம் இருந்தாப் போதும்.”

“அப்ப அந்த ‘க்’கை எடுத்துருங்க.”

“எடுத்துரலாமுங்க்கா. ஆனா ஆகறதுக்குச் செயப்படுபொருள் வராது. ‘பள்ளியை’ன்னு இருக்கக்கூடாது.”

“அதையும் அடிச்சுருங்க.”

அவர் அளவுகோலை வைத்து மூன்று இடத்தில் கோடு போட்டு, சிவப்பு மையில் பெயரை எழுதினார். துளசிமணி மேல்நிலைப் பள்ளி ஆக வேண்டும். சுருக்கொப்பம் போட்டு, முத்திரை குத்தி, தபாலுக்குக் காத்திருக்காமல் கையோடு கொடுத்தார். அவள் நடந்து வரும்போதே அதை இரண்டு தடவை படித்தாள். அவளுக்கு மனது லேசாகிவிட்டது. பழையபடி வாக்கியம் தன் பேரில் இருக்கிறது, இனி நடக்கும்.

மூன்றாம் நாள் அவளுடைய இடது தோளில் வராந்தா வந்தது. ஆறாம் நாள் நாச்சிமுத்து முதுகு தேய்த்துவிடும்போது, கரும்பலகை இறங்கிவிட்டதாகச் சொன்னார். பத்தாம் நாள் அவள் கொட்டாவி விட்டால் உள்ளே பெஞ்சுகள் நகரும் சத்தம் கேட்டது. கைக்கு எட்டிய வேலையை மட்டும் முடித்துக் கொடுத்துவிட்டு, கடைக்கதவில் ‘திங்கள் முதல் வெள்ளி வரை விடுமுறை’ என்று எழுதி ஒட்டினாள். பதினைந்தாம் நாள் காலையில் சந்தைக்குப் பக்கத்தில் இருந்த காலி மனைக்குப் போனாள். வெயில் எந்தப் பக்கம் வரும், காற்று எங்கிருந்து அடிக்கும் என்று பார்த்துவிட்டு, கிழக்கு பார்த்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

மறுநாள் பள்ளி திறந்தது. நான்கு வகுப்பறை, ஓர் ஆய்வகம், பெண்களுக்குத் தனிக் கழிப்பறை. கழிப்பறையில் தண்ணீர் வந்தது, அதில் அவள் விட்டுக்கொடுக்கவில்லை. கல்வித் துறையிலிருந்து ஓர் அதிகாரி வந்து சுற்றிப் பார்த்து, பட்டியலில் சேர்த்துக்கொண்டு போனார். பள்ளி என்று ஒன்று இருந்துவிட்டதால் ஆசிரியர்களை அனுப்பாமல் இருக்க அவர்களால் முடியவில்லை. அறுபத்து மூன்று பேர் சேர்ந்தார்கள், அதில் முப்பத்தெட்டு பேர் பெண் பிள்ளைகள். மில்லுக்குப் போயிருந்த நான்கு பேர் பெட்டியோடு நேராக வகுப்புக்கு வந்தார்கள்.

சேர்க்கைப் படிவத்தில் கோபிகா, தாயார் பெயர் என்ற இடத்திலும் பள்ளியின் பெயர் என்ற இடத்திலும் ஒன்றையே எழுதினாள். முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள். இயற்பியல் ஆசிரியர் கேட்ட முதல் கேள்விக்கு அவள் எழுந்து பதில் சொன்னபோது, துளசிமணிக்குப் பெருமை தாங்கவில்லை. பள்ளியின் அத்தனை ஜன்னல்களும் ஒரே நேரத்தில் திறந்துகொண்டன. ஆசிரியர் பறந்த தாள்களைப் பொறுக்கி வைத்துக்கொண்டு பாடத்தைத் தொடர்ந்தார்.

சனிக்கிழமை விடுமுறை. துளசிமணி தலையில் இருந்த சுண்ணாம்புத் தூளைத் தட்டிவிட்டு வீட்டுக்கு வந்தாள். காலையிலேயே கடையைத் திறந்து இரண்டு மோட்டாருக்குக் காயில் கட்டினாள். பிறகு மூன்று பேரும் சேர்ந்து சாப்பிட உட்கார்ந்தார்கள். அந்த வாரம் எந்த வகுப்பில் யார் பேசிக்கொண்டே இருந்தார்கள் என்று அவள் சொன்னாள். கோபிகா சிரித்துவிட்டுக் கேட்டாள்.

“ஏம்மா, ரெண்டு வருசம் முடிஞ்சதும் காலேஜுக்கு என்ன பண்றது? இங்க எங்கயும் இல்லியே.”

துளசிமணி நாச்சிமுத்துவைப் பார்த்தாள். அவர் மென்று முடித்துத் தண்ணீர் குடித்தார்.

“எஞ்சினீரிங்கா, ஆர்ட்ஸா?”

“எஞ்சினீரிங்ப்பா.”

எஞ்சினீரிங் காலேஜ் ஆவதற்கு இடம் கொஞ்சம் கூடுதலாக வேண்டியிருக்கும். நாச்சிமுத்து இன்னும் நான்கு இட்லி எடுத்து வைத்துக்கொண்டார்.