புகையாத கரி

கரி விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. தெற்கேயிருந்து வந்து மந்தைவெளியில் இருபது வருடமாக இஸ்திரி வண்டி வைத்திருக்கிறேன். ஒரு சட்டைகூடப் பொறி விழுந்து ஓட்டையானதில்லை. கொட்டாங்கச்சிக் கரி தவிர வேறு தொடமாட்டேன். வெடிக்காது, நின்று கனியும், சாம்பல் குறைச்சல், புகையவே புகையாது. எரிக்கிற பொருள் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அளப்பேன்.

தொண்ணூற்றேழு கார்த்திகையில் என் மகள் ஜெயஸ்ரீ தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். பெண் குழந்தை, பதினெட்டு நாள். மழை விடவில்லை. ஒற்றை அறை வீட்டில் என் மனைவி தங்கபுஷ்பம் விறகை மூட்டிக் குழந்தைத் துணியைக் காயவைப்பாள். புகையில் குழந்தை இருமியது. எனக்குப் பொறுக்கவில்லை.

"கூறு கெட்டவளே, அந்த வெறகைத் தூக்கி வெளியே போடு!"

மறுநாள் நல்ல கரியாகப் பொறுக்கி, இரும்புச் சட்டியில் கனியவைத்து, கட்டிலருகே நானே வைத்தேன். சன்னலைச் சாத்தி இடுக்கில் சாக்கைச் செருகினேன்.

"எதுக்கு இப்படி மூடுதிய? கொஞ்சம் தொறந்து கெடக்கட்டும்," என்றாள் தங்கபுஷ்பம்.

"ஏளா, புகை இருந்தாத்தான சன்னலத் தொறக்கணும்? குளிர்காத்து பிள்ளைக்கு ஆவாது."

அவள் ரேஷன் கடைக்குப் போனாள். நான் வண்டிக்குப் போனேன். மத்தியானம் மழை வலுக்கவே திரும்பி வந்து எட்டிப் பார்த்தேன். அறை கதகதப்பாக இருந்தது. ஜெயஸ்ரீ குழந்தையை அணைத்துச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். இருமல் சத்தமே இல்லை. இரண்டு வாரமாகக் கண்மூடாதவள் அசந்து தூங்குகிறாளே என்று எனக்கு மனசு குளிர்ந்தது. கங்கு தணிந்திருந்ததால் இரண்டு கை கரி போட்டேன். சத்தம் வராமல் கதவைச் சாத்திவிட்டு டீக்கடைக்குப் போனேன்.

தங்கபுஷ்பத்தின் அலறல் டீக்கடை வரை கேட்டது.

ஆஸ்பத்திரியில் ஜெயஸ்ரீ பிழைத்தாள். குழந்தையை என் கையில் துணி சுற்றிக் கொடுத்தார்கள்.

"ரூம்ல என்ன எரிச்சீங்க?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"கரிம்மா. துளி புகை கிடையாது."

"மூடுன ரூம்ல கரி எரிஞ்சா விஷக்காத்து வரும். நெறமும் இல்ல, வாடையும் இல்ல. புகைஞ்சிருந்தா நீங்களே கதவத் தொறந்திருப்பீங்க."

நான் பாவி, அப்போதும் வேறொன்றைத்தான் கேட்டேன். "மத்தியானம் நான் பாக்கும்போது பிள்ளைக்கு உசுரு இருந்திருக்குமா?"

அவர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்.

மூன்றாம் நாள் ஜெயஸ்ரீ பேசினாள். அழக்கூட இல்லை.

"நீ வந்தது தெரிஞ்சுதுப்பா. கூப்புட்டேன், வாய் வர்ல. கரி போடுற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் கதவச் சாத்திட்ட."