பேனரில் இளைத்தவள்

ஜெயக்கொடிக்கு மகனின் காதுகுத்தைவிடப் பெரிய கவலை, பேனரில் மகள் தமிழினி எப்படித் தெரிவாள் என்பதுதான். பிளஸ் ஒன் படிக்கிற அந்தப் பெண்ணைப் பார்க்கும்போதெல்லாம் நாத்தனார் தனகோட்டி, "இன்னாடி, வூட்டுல எல்லாருக்கும் சேத்து நீயே துண்றியா?" என்று கேட்டுச் சிரிப்பாள். அந்த வாயை அடைத்தாக வேண்டும். செஞ்சி காந்தி பஜாரில் பேனர் அடிக்கும் ஆதவனிடம் போய், "கன்னத்தக் கொஞ்சம் கொறச்சிடுப்பா, இடுப்பையுந்தான்" என்றாள். ஆதவன் தாராள மனசுக்காரன். மவுஸை நாலு இழுப்பு இழுத்ததில் பாதிப் பெண் காணாமல் போனாள்.

விழாவுக்கு வந்த சனம் காது குத்திய பையனை விட்டுவிட்டுப் பேனரைக் கொண்டாடியது. பிறகு அதன் கீழே நின்ற தமிழினியைப் பார்த்தது. "இது யாரு?" என்று ஒருவர் கேட்டே விட்டார். பந்தியில் பாதியிலேயே எழுந்து போனாள் தமிழினி. ஜெயக்கொடி அதைக் கவனிக்கவில்லை. பேனருக்கு வந்த பாராட்டை வாங்கிக்கொண்டிருந்தாள்.

நல்ல பேனரை வீணாக்குவானேன் என்று, விழா முடிந்ததும் மாடிப்படிக்கு மறைப்பாகக் கட்டினார்கள். டியூஷனுக்குப் போகும்போதும் வரும்போதும் தமிழினி தன்னையே அண்ணாந்து பார்த்தாள். காலையில் வெந்நீர், மதியம் வெள்ளரிக்காய், ராத்திரி "பசிக்கலம்மா." வீட்டில் பிரியாணி மணந்தாலும் அசையவில்லை. ஜெயக்கொடிக்கோ தலைகால் புரியவில்லை. "எம்பொண்ணுக்கு வைராக்கியம் ஜாஸ்தி" என்று தெருவெல்லாம் பீற்றிக்கொண்டாள். தட்டில் சோறு மீந்ததற்குப் பெருமைப்பட்ட தாய் ஊரிலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

பள்ளிக்கூடப் பிரேயரில் தமிழினி சுருண்டு விழுந்தபோதுதான் அந்தப் பெருமை இறங்கியது. ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். "இவ சாப்டலைன்னா எந்த மருந்தும் ஒண்ணும் செய்யாதும்மா" என்றார் டாக்டர். ஜெயக்கொடி மகளின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினாள். "பேனர்ல நான்தாண்டி கொறைக்கச் சொன்னேன். எம்புத்தியச் செருப்பால அடிக்கணும். ஒரு இட்லி துண்ணுடி, எனக்காக."

நெடுநேரம் கழித்துத் தமிழினி ஒரு துண்டைப் பிய்த்துக் கையில் எடுத்தாள்.

அந்த நேரம் பார்த்து ஆப்பிள் பையோடு தனகோட்டி நுழைந்தாள். மருமகளை மேலும் கீழும் அளந்தாள்.

"அடியே, எம்மாம் அழகா இளைச்சிட்டே! இன்னாதான் சாப்புடுற? சொல்லேன், எம்பொண்ணுக்கும் அதையே குடுக்கறேன்."

வாரக்கணக்கில் சிரிக்காத பெண் சிரித்தாள். இட்லித் துண்டைத் தட்டில் திரும்ப வைத்துவிட்டு, தட்டை அம்மாவின் பக்கமாக நகர்த்தினாள்.