சல்லடைக் கஞ்சி

எங்கள் சந்து முனையில் பதினோரு வருடமாகக் குழந்தைக் கஞ்சி விற்கிறேன். என் பேர் தோவா. காலை ஐந்தரைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தால் ஒன்பதுக்குள் பானை காலியாகிவிடும். ஷூ கம்பெனிக்குப் போகிற பெண்கள் மோட்டார் சைக்கிளை விட்டு இறங்காமலேயே டப்பாவை நீட்டுவார்கள். விரால் மீனா, விலாங்கா, பூசணியா என்று கேட்டு, மிக்ஸியில் நன்றாக அரைத்து, அதையும் சல்லடையில் தேய்த்து ஊற்றுவேன். மற்ற கஞ்சிக்காரிகள் சல்லடை வைப்பதில்லை. என் கஞ்சியில் ஒரு பருக்கையைக் காட்டுங்கள் பார்க்கலாம் என்று நான் சவால் விடுவது எங்கள் ஊர் பியென் ஹோவாவில் பாதிப் பேருக்குத் தெரியும். அவ்வளவு திமிர் எனக்கு.

லுவானும் அவன் மனைவி தியெம்மும் என் வீட்டுக்கு நாலு கதவு தள்ளிக் குடியிருந்தார்கள். இருவருக்கும் ஷூ கம்பெனியில் வேலை. தியெம்முக்குக் காலை ஷிப்ட், லுவானுக்கு மத்தியான ஷிப்ட். காலையில் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது அவன்தான். பிள்ளைக்குப் பதினைந்து மாதம். பிறப்புச் சான்றிதழில் இருக்கிற பேர் எனக்கு இன்றுவரை தெரியாது. கூப்பிடுகிற பேர் சோளம். எங்கள் சந்தில் எல்லாக் குழந்தைகளுக்கும் இப்படித்தான். இறால், நண்டு, உருளை. யாராவது வாசலில் நின்று பிள்ளைகளைக் கூப்பிட்டால் சந்தைக்குள் வந்துவிட்ட மாதிரி இருக்கும்.

சோளம் எட்டு மாதத்திலிருந்து என் கஞ்சிதான். லுவான் அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு சந்து முழுக்க நடந்து ஊட்டுவான். கூண்டில் இருக்கிற சேவலைக் காட்டி ஒரு வாய், தண்ணீர் லாரியைக் காட்டி ஒரு வாய், என் மிக்ஸி சத்தத்துக்கு வாயைப் பிளந்தால் இன்னொரு வாய். ஒரு கிண்ணத்தை முடிக்க ஒரு மணி நேரம் ஆகும். எங்கள் ஊரில் எல்லோரும் இப்படித்தான் ஊட்டுகிறோம். நானும் கூடவே நடந்து சேவலைக் கூப்பிட்டிருக்கிறேன். பிள்ளை சேவலைப் பார்க்கும், கஞ்சி தானாக இறங்கிவிடும். வாயில் என்ன இருக்கிறது என்று அதற்கும் தெரியாது, எங்களுக்கும் கவலையில்லை.

ஒரு நாள் லுவான் டப்பாவை நீட்டாமல் ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"அக்கா, அடுத்த மாசம் ஒண்ணாந்தேதியிலேருந்து எனக்கும் காலை ஷிப்ட்டு."

"பிள்ளைய யாரு பாத்துப்பா?"

"பிள்ளைங்கள வச்சுப் பாத்துக்கற குயென் டீச்சர்கிட்ட கேட்டேன். பதினோரு பிள்ளைங்க இருக்காம். எல்லாம் உக்காந்து சோறு தின்னுதாம். அரைச்சு நடந்து ஊட்ட எனக்கு ஆள் இல்ல, சோறு திங்கப் பழக்கிட்டு வாங்கன்னுட்டாங்க."

"அவளுக்கு என்ன கொழுப்பு. பிள்ளை அழுதா ரெண்டு வாய் ஊட்ட முடியாதா?"

"இல்லன்னா எங்க ஊருக்கு, தான் ஹோவாவுக்கு அனுப்பிடணும் அக்கா. எங்க அக்கா பாத்துக்கறேன்னுருக்கு. கடைசி ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டுப் போகும்."

தான் ஹோவா என்றால் பஸ்ஸில் ஒன்றரை நாள். வருடத்துக்கு ஒரு தடவை, புத்தாண்டுக்குத்தான் பார்க்க முடியும். லுவான் அதைச் சொல்லிவிட்டுத் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நானும் ஷூ ஒட்டியவள்தான். என் மகன் வூவைப் பதினாலு மாதத்தில் ஊருக்கு அனுப்பினேன். ஐந்து வயதில் அவனைத் திரும்ப அழைத்து வந்தபோது, பஸ் ஸ்டாண்டில் கையைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து, "வணக்கம் அத்தை" என்றான். நல்ல பிள்ளையாக வளர்த்திருக்கிறார்கள் என்று பக்கத்தில் நின்ற ஒருத்தி பாராட்டினாள். இப்போது அவனுக்கு இருபது வயது. அம்மா என்றுதான் கூப்பிடுகிறான். ஆனாலும் அந்த ஒரு வார்த்தை என் காதை விட்டுப் போகவேயில்லை.

அதனால்தான் அதிகப்பிரசங்கித்தனம் செய்தேன். சொல்லிக்கொடுத்தால் லுவான் பயப்படுவான், தெரியாமல் பழக்கிவிடலாம் என்று நினைத்தேன். மறுநாள் அவன் டப்பாவில் வழக்கம்போல் சலித்த கஞ்சியை ஊற்றி, அடியில் முழுப் பருக்கை இரண்டு கரண்டி போட்டு மூடிக் கொடுத்தேன். வாயில் பட்டால் மென்றுதானே ஆக வேண்டும் என்பது என் கணக்கு.

சேவல் கூண்டுக்கு முன்னால்தான் அது நடந்தது. சோளம் சேவலைப் பார்த்துக்கொண்டே ஒரு வாய் வாங்கினாள். குமட்டினாள். கண்ணில் நீர் முட்டியது, முகம் சிவந்தது. லுவான் பதறிப்போய் அவளைத் தலைகீழாகப் புரட்டி முதுகில் அடித்தான். சந்துப் பெண்கள் நாலு பேர் ஓடி வந்து ஆளுக்கொரு பக்கம் கத்தினார்கள். குடித்தது எல்லாம் அவன் காலில் வந்து விழுந்தது. அதன் நடுவில் வெள்ளை வெள்ளையாகப் பருக்கைகள் கிடந்தன. நான் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றேன்.

அதற்கப்புறம் மூன்று நாள் சோளம் எதையும் வாயில் வைக்கவில்லை. பால் மட்டும்தான். கரண்டியைப் பார்த்தாலே உதட்டை இறுக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பினாள். கன்னம் ஒட்டிப்போன மாதிரி எனக்குத் தெரிந்தது. லுவான் தன் மீதே பழி போட்டுக்கொண்டான். "நான்தான் வேகமா ஊட்டிட்டேன் போல" என்று அவன் சொன்னபோது என்னால் தாங்க முடியவில்லை. மத்தியானம் தியெம் வேலை முடிந்து வந்ததும், லுவான் ஷிப்டுக்குக் கிளம்பும் முன்னால், அவர்கள் வீட்டுக்குப் போய் இருவர் முன்னாலும் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

தியெம் பிள்ளையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"ஏழு மாசமா உங்க கையால தின்னா. நான் பக்கத்துல இல்லாதப்ப அந்தக் கையத்தான் அக்கா நம்பினேன்."

அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் பதிலுக்கு நானும் போட்டு மனதை ஆற்றிக்கொண்டிருப்பேன். அடுத்த நாளிலிருந்து ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு என் வண்டியைத் தாண்டிப் போனாள்.

இரண்டு நாள் கழித்து லுவான் சோளத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான். டப்பா கொண்டு வரவில்லை. வீட்டுக்குள்ளேயே கிடந்தால் பைத்தியம் பிடிக்கிறது என்று ஸ்டூலில் உட்கார்ந்து, அவளை மடியில் வைத்துக்கொண்டான். கூட்டம் அடங்கியிருந்தது. நான் என் காலைச் சாப்பாட்டை, வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கை, உரித்துத் தின்றுகொண்டிருந்தேன். சோளம் என் வாயையே பார்த்தாள். பிறகு மடியிலிருந்து எக்கிக் கையை நீட்டினாள்.

என் கை தானாகக் கிழங்கோடு போனது. பாதியில் நிறுத்தினேன்.

"தம்பி, குடுக்கட்டுமா? நீ சொன்னாத்தான்."

அவன் கிழங்கையும் என் கையையும் பார்த்தான். "அவ கையில குடுங்க. வாயில வைக்காதீங்க."

குழையக் குழைய வெந்திருந்த நடுப்பகுதியை விரல் நீளத்துக்குக் கிள்ளிக் கொடுத்தேன். சோளம் அதை நசுக்கினாள். அப்பன் சட்டையில் பூசினாள், தன் மூக்கில் பூசினாள், கடைசியில் கையை நக்கினாள். துளி கிழங்கு உள்ளே போனது. துப்பினாள். மறுபடி நக்கினாள். நாங்கள் இருவரும் வேறு எங்கேயோ பார்க்கிற மாதிரி உட்கார்ந்திருந்தோம்.

வண்டிக்குப் பின்னால் நின்று இதைப் பார்த்திருக்கிறாள் குயென் டீச்சர், கையில் கீரைக்கட்டோடு. நான் அவளைப் பற்றிச் சந்து முழுக்கத் திட்டி வைத்திருந்தது அவளுக்குத் தெரியும்.

"தோவாக்கா, தண்ணியா இருக்கற கஞ்சியில பருக்கையப் போட்டா பெரியவங்களுக்கே குமட்டும். நாக்கு வழுவழுன்னு வருதுன்னு நம்பிட்டு இருக்கு, நடுவுல திடீர்னு ஒண்ணு தட்டுது. முதல்ல கெட்டியாக்குங்க. அப்புறம் கரகரப்பா மசிங்க. அவளுக்கு என்ன வருதுன்னு தெரிஞ்சு வரணும்."

"சரிங்க டீச்சர்."

"அப்புறம் அந்தச் சேவல் வேணாம். உக்கார வைங்க."

"சேவல் என்னங்க பண்ணுச்சு?"

"அதுவா தின்னப்போவுது? சோத்தப் பாக்கட்டும்."

பதினோரு வருடத்தில் முதல் தடவையாகச் சல்லடையைக் கழுவி ஆணியில் மாட்டினேன், சோளத்துக்கு மட்டும். முதலில் பூசணிக் கஞ்சியை அரைக்காமல், கரண்டியால் கிண்ணத்து ஓரத்தில் நசுக்கி, கரண்டியைக் கவிழ்த்தாலும் விழாத கெட்டியில் கொடுத்தேன். ஊட்ட ஒன்று, அவள் பிடிக்க ஒன்று என்று இரண்டு கரண்டி வைத்தோம், ஊட்டுகிறதையும் அவள் பிடுங்கிக்கொண்டாள். அடுத்து முள்கரண்டியால் மசித்தது. இன்னும் சில நாளில் மசித்தும் மசியாதது. முன்னேற்றம் ஒன்றும் ஒழுங்காக நடக்கவில்லை. ஒரு நாள் அரைக் கிண்ணம் தின்பாள், மறுநாள் என் முகத்தில் உமிழ்வாள். பல் முளைக்கிற காய்ச்சல் வந்து மூன்று நாள் போனது. ஒரு காலையில் லுவான், "வேணாம் அக்கா, அவ ஊருக்கே போவட்டும், அங்க அரைச்சாவது வயிறு நெறையும்" என்று எழுந்து போய்விட்டான். அரை மணியில் திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தான். நான் கிண்ணத்தை வைத்தேன்.

ஊருக்கு அனுப்ப இரண்டு நாள் இருக்கும்போது, வெள்ளிக்கிழமை மத்தியானம், பிள்ளையைக் கொண்டுவரச் சொன்னாள் டீச்சர். லுவான் லீவு போட்டிருந்தான். தியெம்முக்கு லீவு கிடைக்கவில்லை. எனக்கு அழைப்பே இல்லை, ஆனாலும் போனேன்.

குட்டி மேசையைச் சுற்றிப் பதினோரு பிள்ளைகள். பன்னிரண்டாவதாகச் சோளம். எல்லோர் கிண்ணத்திலும் குழைந்த சோறு, பொடியாக நறுக்கிய பன்றிக்கறி, டோஃபு, மேலே கொஞ்சம் கீரை. நாங்கள் இருவரும் கம்பிக் கதவுக்கு வெளியே நின்றோம். சோளம் முதலில் சோற்றைப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த பையன் உருளை எப்படித் தின்கிறான் என்று பார்த்தாள். அவன் கை நிறைய அள்ளி வாயில் திணித்து, கன்னம் உப்ப மென்றான். அவளும் அள்ளினாள்.

இரண்டு வாய் போனது. மூன்றாவதில் குமட்டியது. முகம் சிவந்து, கண் கலங்கி, இருமினாள். லுவான் கதவைத் தள்ளிக்கொண்டு பாய்ந்தான். நான் அவன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டேன். பொத்தான் ஒன்று தெறித்தது.

"விடுங்க அக்கா."

"டீச்சரைப் பாரு."

குயென் டீச்சர் சோளத்துக்குப் பக்கத்தில் முழங்காலிட்டிருந்தாள். தொடவில்லை. அமைதியாக எங்களைப் பார்த்துச் சொன்னாள்: "இருமுறா, சத்தம் வருது. சத்தம் வர்ற வரைக்கும் அவளே பாத்துப்பா. சத்தம் நின்னா நான் இருக்கேன்."

அந்தக் கொஞ்ச நேரம் என் வாழ்நாளில் நீளமான நேரம். சோளம் இன்னொரு தடவை இருமினாள். நாக்கு முன்னால் வந்தது. ஒரு கறித்துண்டு மேசையில் விழுந்தது. அவள் அழவில்லை. அதைக் குனிந்து பார்த்தாள். விரலால் எடுத்து, திரும்ப வாயில் போட்டு, கடைவாய்க்குத் தள்ளி மென்றாள். விழுங்கினாள். அடுத்ததற்குக் கையை விட்டாள்.

லுவான் கதவுக் கம்பியைப் பிடித்தபடி அப்படியே கீழே குந்திவிட்டான். அழுதுகொண்டிருந்தான். எனக்கும் கண் மறைத்தது.

கிண்ணத்தில் பாதி காலியானதும் டீச்சர் வந்தாள். "திங்கக்கிழமை ஒரு பாய் கொண்டு வாங்க, தூங்கறதுக்கு" என்றாள்.

லுவான் அங்கேயே தன் அக்காவுக்கு ஃபோன் செய்தான். அவள் குரல் எனக்கும் கேட்டது. "நல்லது தம்பி, நல்லது" என்றாள். "அவளுக்குன்னு ஒரு தொட்டில் கட்டி வச்சேன். பரவால்ல. புத்தாண்டுக்கு எல்லாருமா வாங்க." ஒருத்திக்குப் பிள்ளை கிடைத்தால் இன்னொருத்திக்குக் கை வெறுமையாகிறது, அவளை நினைத்தும் வருத்தமாகத்தான் இருந்தது.

சாயங்காலம் நாலரைக்கு நான் வாசலில் உட்கார்ந்து மறுநாளைக்குப் பூசணி சீவிக்கொண்டிருந்தேன். தியெம் வந்தாள். கம்பெனிச் சட்டையை இன்னும் மாற்றவில்லை. பத்துப் பன்னிரண்டு நாளாக என் பக்கம் திரும்பாதவள், எதிரே தரையில் உட்கார்ந்து, ஒரு பூசணித் துண்டை எடுத்துச் சீவ ஆரம்பித்தாள். மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுத்தேன், அவளே முந்திக்கொண்டாள்.

"அவளுக்குக் கட்டி வச்சிருந்த பையப் பிரிச்சேன் அக்கா. துணியெல்லாம் எடுத்து அலமாரில வைக்கறப்ப ஒரு கவுனப் போட்டுப் பாத்தேன். கை நுழையல. போன மாசம் வாங்கினது."

கத்தியைக் கீழே வைத்தாள்.

"ஊருக்குப் போயிருந்தா அது எனக்குத் தெரிஞ்சே இருக்காது."