மூன்றாவது கம்பியில் ஒரு ஜிர்ர்

மூன்றாவது கம்பியை விரல் வைக்காமல் மீட்டினால் மட்டும் கூடவே 'ஜிர்ர்' என்று ஒரு சத்தம் வந்தது. மற்ற ஐந்து கம்பிகளும் ஒழுங்காகப் பேசின. மூன்றாவது மட்டும், வாயில் இருமல் மிட்டாயை ஒதுக்கிக்கொண்டு பேசுகிறவரைப் போலப் பேசியது.

ஜவஹர் மந்தைவெளி வீட்டின் படுக்கையறைத் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, மடியில் கிதாரோடு, அதே கம்பியை மீட்டிக்கொண்டே இருந்தான். நூறு முறை கேட்டால் வெட்கப்பட்டு நின்றுவிடும் என்று நினைத்தானோ என்னவோ.

மின்கிதாரைத் தனியாக வாசித்தால் கொசு ரீங்காரம் அளவுக்குத்தான் கேட்கும். அதற்குத் தொண்டை கொடுப்பது ஆம்ப் என்கிற பெட்டி. ஆம்பைச் சத்தமாக வைத்து, எதிரே மைக்கை நிறுத்திப் பதிவு செய்தால்தான் ஒலிக்குச் சதைப்பற்று வரும். ஆனால் சத்தமாக வைத்தால் கீழ்வீட்டுப் பஞ்சாட்சரம் மாடியேறி வந்துவிடுவார். இரண்டுக்கும் சேர்த்து இணையத்தில் ஒரு புண்ணியவான் வழி சொல்லியிருந்தார்: ஆம்பைத் துணி அலமாரிக்குள் வையுங்கள், தொங்கும் துணிகள் சத்தத்தைக் குடித்துவிடும்.

அந்தப் புண்ணியவானின் ஊரில் அலமாரியை மரத்தில் செய்வார்கள். ஜவஹர் வீட்டில் இருந்தது பீரோ. கல்யாணத்துக்கு மனைவி ஜெயஸ்ரீ வீட்டில் கொடுத்த இரும்பு பீரோ. அடையாறில் ஓர் அலுவலகத்தில், மற்றவர்கள் எழுதும் மென்பொருளில் பிழை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிற ஒருவனுக்கு இந்த வித்தியாசம் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. கீழ்த்தட்டைக் காலி செய்து ஆம்பை உள்ளே தள்ளினான். அதன் தலைக்கு மேல் பட்டுப்புடவைகள் தொங்க, தன் சாமர்த்தியத்தைப் படமெடுத்து ராகேஷுக்கு அனுப்பினான்.

ராகேஷ் கீபோர்டு வாசிக்கிற நண்பன். இந்தப் பாட்டுக்கு மெட்டமைத்தவனும் அவன்தான். உடனே பதில் வந்தது: "மச்சி, அப்படியே லாக்கர்ல வச்சுப் பூட்டிடு. ஊருக்கே நல்லது."

பாட்டு என்றால் விளம்பரப் பாட்டு. பாண்டி பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் தங்கபுஷ்பம் அம்மாவுக்கு ஆடித் தள்ளுபடிக்காக ஒன்று வேண்டியிருந்தது. அதில் நிஜமான கிதார் வேண்டும் என்று அவரே கேட்டார். இத்தனை வருஷத்தில் ஜவஹர் வாசித்ததைக் கேட்டவர்கள் எல்லாரும் எழுந்து போக வழியில்லாமல் கேட்டவர்கள். வேண்டுமென்று கேட்டவர் இவர் ஒருவர்தான். மதியம் அவரே போனில் கூப்பிட்டார்.

"தம்பி, சாயங்காலத்துக்குள்ள அனுப்பிருவியளா? முடியலன்னா சொல்லிருங்க, வருத்தமில்ல. ராகேஷ் தம்பி கீபோர்டு பொட்டியிலயே கிதார் சத்தம் இருக்காம்லா, அதவே போட்டுக்கிடுதோம்."

"அனுப்பிடறேம்மா," என்றான் ஜவஹர். பாட்டு முடிகிற இடம் சரியாக அந்த மூன்றாவது கம்பியில்தான் நின்று முழங்க வேண்டும் என்பதைச் சொல்லவில்லை.

முதலில் கம்பியைச் சந்தேகப்பட்டான். அதே சுரத்தை நாலாவது கம்பியில் விரல் வைத்து வாசித்துப் பார்த்தான். ஜிர்ர். ஆக, கோளாறு கம்பியில் இல்லை, சுரத்தில். பாடகி ஏற்கெனவே பாடிக் கொடுத்துவிட்டதால் சுருதியை மாற்றவும் வழியில்லை.

இது ஊஞ்சல் மாதிரி. ஒவ்வோர் ஊஞ்சலுக்கும் ஆடுவதற்கென்று ஒரு வேகம் உண்டு. அந்த வேகத்துக்கு ஒத்துத் தள்ளினால் சுண்டுவிரலாலேயே உயரத்துக்கு அனுப்பலாம். ஒத்துப்போகாமல் தள்ளினால் யானை தள்ளினாலும் தடுமாறும். பொருள்களும் அப்படித்தான். தளர்ந்துபோன ஏதோ ஒன்றுக்கு இந்தச் சுரத்தின் வேகம் பிடித்துப்போயிருந்தது. எது என்பதுதான் கேள்வி.

ஜவஹர் பீரோவில் இருந்த ஜெயஸ்ரீயின் பொருள்களை ஒவ்வொன்றாக வெளியேற்றினான். வளையல் பெட்டி, வெள்ளிக் குங்குமச்சிமிழ், ஊக்குகள் போட்டுவைத்த டப்பா, ஹேங்கர்கள். கதவுக் கண்ணாடியின் ஓரத்தில் டேப் ஒட்டினான். லாக்கரின் சாவித்துளை மூடியிலும் ஒட்டினான். ஜிர்ர்.

பீரோவில் காதை வைத்துப் பார்த்தான். இரும்புத் தகட்டுக்கு ரகசியம் காக்கத் தெரியாது. ஒரு மூலையில் அதிர்ந்தால் எல்லா மூலையிலும் சொல்லிவிடும். எங்கே காதை வைத்தாலும் சத்தம் அங்கிருந்தே வருவதாகத்தான் கேட்டது. அதைவிடப் பெரிய சிக்கல், வாசிக்கிற இடத்திலிருந்து பீரோவுக்குப் போவதற்குள் கம்பி ஓய்ந்துவிடும்.

"ஜெய், இந்தக் கம்பிய மட்டும் அடிச்சுக்கிட்டே இரேன்."

ஜெயஸ்ரீ கட்டிலில் குவிந்து கிடந்த தன் புடவைகளையும் புருஷனையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கிதாரை வாங்கி, சூடான தோசைக்கல்லைத் தொடுகிறவள் போல மீட்டினாள். அந்த மென்மைக்கு எதுவும் அதிரவில்லை.

"பாத்தியா, நான் வாசிச்சா நல்லாத்தான் இருக்கு," என்றாள். "பேசாம என்னையே வாசிக்கச் சொல்லு." கிதாரைக் கட்டிலில் சாய்த்துவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

அப்போதுதான் உறைத்தது. வாசிக்க ஓர் ஆள் எதற்கு? கிதாரை ஆம்பில் செருகாமல் நேராகக் கணினியில் செருகினான். அந்த ஒரு சுரத்தைச் சுத்தமாகப் பதிவு செய்து, திரும்பத் திரும்ப ஓடும்படி வைத்து, கணினியிலிருந்து ஆம்புக்கு அனுப்பினான். இப்போது ஆம்ப் தானாகவே முழங்கியது, ஓயாமல். கூடவே ஜிர்ர், ஓயாமல். இனி அதிரும் பொருளைக் காதால் தேட வேண்டாம். விரலால் தொட்டால் போதும். தொட்டதும் எது வாயை மூடுகிறதோ அதுதான்.

கைப்பிடியைத் தொட்டான். கதவை அழுத்தினான். ஜன்னல் கொசுவலைச் சட்டம், மின்விசிறி ரெகுலேட்டர், கல்யாணப் போட்டோ. வாசலில் நிழல் தட்டியது. பஞ்சாட்சரம்.

"இன்னா நைனா, ரொம்ப நேரமா ஒரே சவுண்டு வந்துகினே கீது. அடுத்த எழுத்து வராதா?"

"இது வாசிக்கிறது இல்ல மாமா. ஒரு சோதனை."

"எனுக்குந்தாம்பா சோதனை," என்றவர், அறைக்குள் எட்டிப் பார்த்தார். "சேலைக்கெல்லாம் பாட்டு கத்துக் குடுக்கிறியா? நடத்து." இறங்கிப் போனார்.

பாக்கி இருந்தது பீரோவின் தலை. அதன் மேல் இருந்த பைகளையும் போர்வையையும் முன்பே இறக்கியிருந்தான். சுவரோரமாக ஜெயஸ்ரீயின் பழைய சூட்கேஸ் ஒன்று மட்டும் மிச்சம். அதற்கு முன்னால் அவனுடைய ஷீல்டு. கல்லூரிப் போட்டியில் கிதாருக்காக வாங்கியது. பைகளை இறக்கியபோது அதை மட்டும் மரியாதையாகத் துடைத்து, அதே இடத்தில் வைத்திருந்தான்.

நாற்காலியில் ஏறி சூட்கேஸை அழுத்தினான். ஜிர்ர். இன்னும் எட்டி அழுத்த, இடது கையை ஷீல்டின் மேல் ஊன்றினான். ஜிர்ர் நின்றது.

கையை எடுத்தான். ஜிர்ர். வைத்தான். வெறும் சுரம்.

பெயர் பொறித்த பித்தளைத் தகட்டில் ஓர் ஆணி எப்போதோ விழுந்திருந்தது. மிச்ச ஆணியில் தொங்கிக்கொண்டு, தகடு மரத்தில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. 'சிறந்த கிதார் கலைஞர், இரண்டாம் பரிசு' என்ற எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தன. வீட்டில் ஜெயஸ்ரீயின் ஊக்கு டப்பா வரைக்கும் சந்தேகப்பட்டவனுக்கு, தன் பெருமையைத் தொட்டுப் பார்க்கத் தோன்றவில்லை.

ஜிர்ர் நின்றதைக் கேட்டு ஜெயஸ்ரீ வந்து நின்றாள். நாற்காலி மேல் ஷீல்டை அணைத்தபடி நின்றவனைப் பார்த்தாள்.

"அதுவா?"

"அதுதான்."

"அந்தப் போட்டியில எத்தன பேர் கலந்துக்கிட்டாங்கன்னு சொன்னே?"

"ரெண்டு பேர்."

"அதுக்கே வெக்கத்துல நடுங்கியிருக்கும், பாவம்," என்றாள்.

ஜவஹர் கிதாரை மறுபடி ஆம்பில் செருகி வாசித்துப் பதிவு செய்தான். முடிவில் மூன்றாவது கம்பி நின்று முழங்கியது, வெறும் கம்பியாக. தங்கபுஷ்பம் கடைக்கு அது போய்ச் சேர்ந்தபோது வெளியே இன்னும் வெயில் இருந்தது.

இரும்பு பீரோவுக்குள் ஆம்பை வைத்துப் பதிவு செய்யலாம், தவறில்லை. ஷீல்டை மட்டும் இறக்கி, கட்டிலில் முகம் குப்புறப் போட்டு, மேலே ஒரு தலையணையை வைத்துவிட வேண்டும்.