ஆப்பிரிக்க முரசு

ஆம்பூரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த நந்தகோபாலுக்கு 1984-ல் உலக இசை ஞானம் பிறந்துவிட்டது. மச்சான் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த கீபோர்டும், சிற்றலையில் கேட்ட நாலைந்து நாட்டுப் பாட்டுகளும் போதாதா? 'சர்வதேச மின்னிசைக் குழு' தயார். ஆப்பிரிக்காவுக்குத்தான் ஆள் இல்லை. தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்த காசிநாதனைப் பிடித்தான். பறையடிப்பதில் காசிநாதனை மிஞ்ச அந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது.

"காசு கம்மின்னாலும் பரவால்ல சார். நோட்டீஸ்ல என் பேரும் பறைன்னும் போடணும். இத்தினி வருஷம் சாவுக்கு அடிச்சேன், ஒருத்தனும் பேர் கேட்டதில்ல" என்றான் காசிநாதன்.

நந்தகோபால் தாராளமாகத் தலையாட்டினான். அதற்கொன்றும் செலவில்லையே.

நோட்டீஸ் வந்தது. கீபோர்டு நந்தகோபால், கிடார் சாமுவேல். கடைசியில் வெறும் 'ஆப்பிரிக்க முரசு'. அடிக்க ஆளே வேண்டாம் போலிருக்கிறது. பறையைச் சுற்றி ஜிகினாத் தாள் வேறு ஒட்டச் சொன்னான் நந்தகோபால்.

"பறைன்னு தெரிஞ்சா பெரிய மனுஷங்க எழுந்து போய்டுவாங்கப்பா. பேரை அடுத்த தடவை போட்டுடலாம்."

காசிநாதன் முணுமுணுத்துக்கொண்டே ஜிகினாவை ஒட்டினான். கச்சேரிக்கும் போனான்.

கச்சேரி அன்று பார்த்து மழை. தோல் தொய்ந்து பறை தொப்தொப்பென்றது.

"வைக்கோல் கொளுத்திக் காய்ச்சணும் சார்."

"ஆப்பிரிக்காவுல இன்னா வைக்கோலா கொளுத்துறான்?" என்று சீறினான் நந்தகோபால், நேற்றுதான் அங்கிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியவன் மாதிரி.

கீபோர்டு தனியாகக் கொய்ங்கென்று கத்தியது. நாற்காலிகள் காலியாகத் தொடங்கின. காசிநாதன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தான். பிறகு இறங்கிப் போய் ஜிகினாவைக் கிழித்தெறிந்து, பந்தல் ஓரத்தில் தீ மூட்டிப் பறையைக் காய்ச்சினான். அங்கேயே நின்று அடித்தான். எழுந்து போனவர்கள் திரும்பி ஓடிவந்தார்கள், பெரிய மனுஷர்கள் உட்பட. கீபோர்டை ஒருவரும் தேடவில்லை.

மறுவாரம் திருப்பத்தூர் கச்சேரி. புது நோட்டீசை எடுத்துக்கொண்டு காசிநாதனின் மனைவி செண்பகம் ஓடிவந்தாள். "உன் பேர் வந்திருக்குதா பாரு!"

காசிநாதன் எழுத்துக்கூட்டிப் படித்தான். 'நெருப்பில் காய்ச்சிய ஆப்பிரிக்க முரசு: காசிம்பா, கென்யா.' அவமானத்தில் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. நோட்டீசை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

கச்சேரி நாளில் வேன் வாசலில் வந்து நின்றது.

"சீக்கிரம் ஏறுப்பா. ஆயிரம் டிக்கெட் வித்துப் போச்சு!" என்றான் நந்தகோபால்.

காசிநாதன் நோட்டீசை எடுத்து நீட்டினான்.

"யாரைத் தேடுறீங்க சார்? இந்த வீட்ல காசிநாதன்தான் இருக்கான். காசிம்பா வேணும்னா கென்யாவுக்குத் தந்தி அடிங்க."