இயக்குநர் மேசையில் ஒரு பாசி

எங்கள் விரிகுடாவில் ஒரு வெளிநாட்டுக் கடற்பாசி பரவிக்கொண்டிருந்தது. மீன்கள் முட்டையிடும் கடற்புல்லைப் போர்வை போல மூடிக்கொண்டே வந்தது.

"அடுத்த மாசம் நாற்பது தொண்டர்கள் கடல்ல இறங்கிப் பாசியை வாரி எடுப்பாங்க" என்று ஆய்வுக்கூட இயக்குநர் அறிவித்தார். வாரும்போது அறுபடும் ஒவ்வொரு துண்டும் புதுச் செடியாகிவிடும். மீதிக் கடற்புல்லும் போய்விடும். இதை அவரிடம் கொடுத்த என் ஆய்வறிக்கையின் பதினான்காம் பக்கத்தில் எழுதியிருந்தேன். அவர் அதன் அட்டையைத் தாண்டிப் படித்ததில்லை.

நேரில் சொல்ல எனக்கு நாக்கு எழாது. அதனால் நகத்தளவு துண்டு ஒன்றைக் கடல்நீர்த் தம்ளரில் போட்டு அவர் மேசையில் வைத்தேன். மூன்று வாரத்தில் அது தம்ளரை நிறைத்துவிட்டது.

வாரும் நாளுக்கு முந்தைய நாள் கூப்பிட்டார்.

"யாரும்மா இதை வச்சது? அழகாத்தான் இருக்கு. ஆனா நாறுது."

"சார், அது... முதல்ல நகத்தளவுதான்..."

"உனக்கு நல்ல கைராசிம்மா."

தம்ளரோடு கைகழுவும் தொட்டிக்குப் போனார். அதன் கழிவுநீர்க் குழாய் நேராகக் கடலில்தான் முடிகிறது.

"ஊத்தாதீங்க சார்!"

எனக்கு அவ்வளவு பெரிய குரல் இருப்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது. அலுவலகமே வாசலில் கூடிவிட்டது.

"பாம்பா?" என்று கேட்டார் ஓட்டுநர்.

"அதைவிட மோசம்" என்றேன். கூட்டம் கூடிவிட்டதால் பதினான்காம் பக்கத்தை முழுதாகச் சொல்லி முடித்தேன்.

இயக்குநர் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்தபடி அசையாமல் நின்றார்.

"நாளைக்கு யாரும் வார வேண்டாம்" என்றார். பிறகு மெதுவாக, "இதை நான் கீழே வைக்கலாமாம்மா?"